வெள்ளைக் கோட்டு மோகமும் 'சேவை' என்கிற பசப்பும்

எங்கள் ஆரல்வாய்மொழியில் பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்த பிள்ளையிடம் "என்ன படிக்கப் போற?" என்று யாரும் கேட்பதில்லை. "டாக்டருக்குத்தானே மக்கா?" என்றுதான் கேட்பார்கள். "ஆமா மாமி" என்று தலையாட்டிவிட்டால் தப்பித்தீர்கள். "இல்ல மாமி, நர்ஸிங்" என்று சொல்லிப் பாருங்கள். துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகம் மாறும். "மார்க்கு காணாதோ? செரி விடு, எல்லாத்துக்கும் ஒரு வழி உண்டு" என்று ஆறுதல் வேறு கிடைக்கும். பையனாக இருந்தால் கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பு இலவசம்.

நான் பையன். நர்ஸிங்தான் படிக்கிறேன். அதனால் 'சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்னு எழுதுகான்' என்று சிலர் சொல்வார்கள். தாராளமாகச் சொல்லட்டும் :-) யாரும் டாக்டராகக் கூடாது என்று நான் எழுதப் போவதில்லை. மருத்துவத் துறையில் மனசுக்கு நிறைவான ஒரு வேலை வேண்டும் என்றால் முதலில் இரண்டு பொய்களைத் தலைமுழுக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதல் பொய்: டாக்டர் மட்டும்தான் மருத்துவம், மற்றதெல்லாம் மிச்சம் மீதி. இதைச் சொல்கிறவர்கள் நம் சொந்தக்காரர்கள்.

இரண்டாவது பொய்: மற்ற வேலைகள் எல்லாம் புனிதமான சேவை, அங்கே சம்பளத்தைப் பற்றிப் பேசுவது அசிங்கம். இதைச் சொல்கிறவர்கள் நமக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள்.

கேட்பதற்கு ஒன்று இகழ்ச்சி, மற்றது புகழ்ச்சி. ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2024ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் அப்போது இருந்த எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம். அதில் கிட்டத்தட்ட பாதி தனியார் கல்லூரிகளில், நம் வீட்டையும் வயலையும் சேர்த்து விற்றாலும் எட்டாத இடங்கள். சுமாராக இருபது பேருக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு இடம் யாருக்குப் போக வேண்டும் என்பது பெரிய சண்டை, நியாயமான சண்டை. பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவை 2017ல் இழந்தோம். 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எவ்வளவு நியாயமாகப் பங்கு வைத்தாலும் இருபதில் பத்தொன்பது பேர் வெளியேதான் நிற்பார்கள். அந்தப் பத்தொன்பது பேரும் தோற்றுப்போனவர்கள் என்று ஒரு ஊரே சொன்னால், நாம் பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லை, லாட்டரிச் சீட்டு வாங்க வைக்கிறோம். ஒரு தடவை எழுதி, இரண்டாம் தடவை எழுதி, மூன்றாம் தடவைக்குக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி, இருபது வயது வரை ஒரே பரீட்சைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவரிடமாவது "டாக்டர் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்கிறார் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சையைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகச் சொல்வார்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

சரி, உள்ளே போனவர்களாவது நிறைவாக இருக்கிறார்களா? நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அதோடு முடிந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். பிறகு பிஜிக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு, பிறகு மூன்று வருஷம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த ஒரு குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. அவர்கள் நடத்திய ஆய்வில் பதில் சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலில் ஒருவருக்கும் மேல்! 2024 ஆகஸ்ட் 9ல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட டூட்டிக்கு நடுவே செமினார் அறையில் படுத்திருந்த ஒரு பயிற்சி மருத்துவரை என்ன செய்தார்கள் என்று நாடே பார்த்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். 'டாக்டரானால் வாழ்க்கை செட்டில்' என்று சொல்கிற சித்தப்பாக்கள் இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

டாக்டர் வேலை அருமையான வேலைதான், சந்தேகம் வேண்டாம். அரைகுறையான தகவலை வைத்துக்கொண்டு, நேரம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு முடிவெடுத்து, அது தப்பானால் அந்தப் பாரத்தையும் தானே சுமக்கிற வேலை. அது பிடித்தவர்கள் டாக்டராகட்டும். கோட்டு மட்டும்தான் பிடிக்கும் என்றால் நல்ல டெய்லராகப் பார்த்துப் போகலாம். செலவும் குறைவு.

வேலையைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுத்த ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள நாம் ரொம்பத் தூரம் போக வேண்டாம். நாகர்கோவிலைத் தாண்டி திங்கள்சந்தைப் பக்கத்தில் நெய்யூர் இருக்கிறது. அங்கே லண்டன் மிஷன்காரர்களின் மருத்துவப் பணி 1838லேயே தொடங்கிவிட்டது. 1922ல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுவில் தியோடர் ஹாவர்ட் சோமர்வெல் என்று ஒரு அறுவை மருத்துவர். முதல் உலகப் போரில், 1916ல் சோம் யுத்தத்தின்போது, கூடாரத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கில் காயம்பட்டவர்கள் கிடக்க, உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய டாக்டர்களில் ஒருவராக நின்று அறுவை செய்தவர். எவரெஸ்ட் முயற்சி முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூருக்கும் வந்தார். அங்கே அவர் பார்த்தது ஒரு நீண்ட வரிசை, அதற்கு எதிரே ஒரே ஒரு சர்ஜன். உடனே தானும் இறங்கிக் கைகொடுத்தார். ஊருக்குத் திரும்பியதும், நல்ல எதிர்காலம் காத்திருந்த தன் வேலையை விட்டுவிட்டு இங்கே வரப்போவதாகச் சொல்லிவிட்டார். 1924ல் இன்னொரு தடவை எவரெஸ்ட்டுக்குப் போய், செயற்கை ஆக்சிஜன் இல்லாமலே சுமார் 28,000 அடி வரை ஏறினார். அதன் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் நெய்யூர். பிற்பாடு வேலூர் சிஎம்சி.

இந்தக் கதையை நம் மாவட்டத்தில் மேடையில் சொல்கிறவர்கள் எல்லாரும் 'தியாகம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் வாசிப்பில் சோமர்வெல் தன் வாழ்க்கையை வீசி எறியவில்லை. தன் கைக்குத் தெரிந்த வேலை எங்கே அதிகமாகத் தேவைப்படுகிறது என்று கண்ணால் பார்த்தார், அங்கே போய் உட்கார்ந்தார். பதவியை அளக்கவில்லை, வரிசையை அளந்தார். நிறைவு என்று நான் சொல்வது அதைத்தான். அதற்கு எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. எம்பிபிஎஸ் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இன்னொரு விஷயம். மேடைக்காரர்கள் சொல்லாத விஷயம். நெய்யூர் ஒரு வெள்ளைக்காரரால் மட்டும் ஓடவில்லை. ஜான் லோ என்ற மருத்துவர் 1860களிலேயே உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவப் பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டார். அந்த மாதிரிப் பயிற்சி பெற்ற கைகள் இல்லாமல் எந்த மிஷன் ஆஸ்பத்திரியும் ஒரு நாள்கூட ஓடியிருக்காது. அவர்கள் பேர் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. முப்பந்தலுக்குக் காற்றாலை பார்க்க வருகிறவர்கள் சுற்றுகிற இறக்கையைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே ஏணியில் ஏறிப்போய் அதை ஓட வைக்கிற ஆள் எந்தப் படத்திலும் இல்லை. ஆஸ்பத்திரியும் அப்படித்தான்.

அந்தப் படத்தில் இல்லாதவர்களின் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள்.

பிரசவம் முடிந்துவிட்டது. பிள்ளை அழுகிறது, வெளியே மிட்டாய் கொடுக்கிறார்கள். உண்மையான ஆபத்து பல தாய்மார்களுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. கர்ப்பப்பை நன்றாகச் சுருங்கிக் கெட்டியாக இறுக வேண்டும். தளர்ந்து கிடந்தால் இரத்தம் நிற்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விடும். அந்த முதல் சில மணி நேரம் திரும்பத் திரும்ப வயிற்றில் கைவைத்துப் பார்ப்பது யார்? துணி எவ்வளவு நனைந்திருக்கிறது, நாடி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று எழுதி வைப்பது யார்? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ். 2018-20 காலத்துக் கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்கு இறந்த தாய்மார்கள் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்துக்கு நல்ல டாக்டர்கள் ஒரு காரணம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க, ஷிப்டு போட்டு நின்ற ஸ்டாப் நர்ஸ்களும், வீடு வீடாக நடந்து கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்த கிராம சுகாதாரச் செவிலியர்களும் இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்துக்கு யாரும் கட்அவுட் வைத்து நான் பார்த்ததில்லை.

டயாலிசிஸ் யூனிட்டுக்கு வாருங்கள். ஒரு நோயாளி ஒரு தடவைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. வருஷக்கணக்கில் அதே கட்டில், அதே டெக்னீஷியன். போன தடவையைவிட எத்தனை கிலோ எடை கூடியிருக்கிறது, உடம்பில் எவ்வளவு நீர் கட்டியிருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம், வேகமாக எடுத்தால் பிரஷர் இறங்கிவிடுமா என்பதெல்லாம் அவர் கையில். "நேத்து கல்யாண வீட்ல ரசம் குடிச்சுட்டேன் தம்பி" என்று டாக்டரிடம் சொல்லாததை அவரிடம்தான் சொல்வார்கள். மனுஷர்களோடு நீண்ட பழக்கம் வேண்டும், கூடவே மிஷினும் பிடிக்கும் என்கிற ஒருவருக்கு இதைவிட நிறைவான வேலை எது? எங்கள் ஊரில் இதை 'ஏதோ மிஷின்ல வேலை' என்று சொல்லுவார்கள்.

இரத்தப் பரிசோதனை லேபை 'ஊசி குத்துற இடம்' என்று நினைக்கிறோம். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டதே, நினைவிருக்கிறதா? இரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து. அறுவை மேசையில் யாருடைய கையும் நடுங்கவில்லை. தவறியது பரிசோதனை. ஒரு லேப் டெக்னீஷியனின் மேசையில் நடக்கிற தவறு ஒரு குடும்பத்தையே அழிக்கும் என்றால், அதே மேசையில் தினமும் தவறாமல் நடக்கிற வேலை எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது? தவறு நடந்தால் மட்டும் டெக்னீஷியன் பேப்பரில் வருவார். சரியாக நடந்தால் டாக்டர் கைராசிக்காரர்.

பிசியோதெரபி? எங்கள் ஊர்ச் செங்கல் சூளைகளில் குனிந்து நிமிர்ந்து கல் சுமக்கிறவர்களின் இடுப்பையும், பக்கத்துத் தோவாளையில் விடியும் முன்னே உட்கார்ந்து பூக்கட்டுகிறவர்களின் கழுத்தையும் பாருங்கள். அவர்களுக்கு ஆபரேஷனும் வேண்டாம், மாத்திரையும் தீர்வில்லை. எப்படித் தூக்க வேண்டும், எப்படி உட்கார வேண்டும், எந்தத் தசையைப் பலப்படுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நாற்கர ரோட்டில் வண்டி கவிழ்ந்தால் முதலில் வந்து கழுத்தை அசையாமல் பிடிப்பவர் 108ல் வருகிற டெக்னீஷியன். தமிழ்நாட்டில் 2008லிருந்து அந்த வண்டி ஓடுகிறது. இன்றைக்கும் அதில் வருகிறவரை 'ஆம்புலன்ஸ்காரன்' என்றுதான் சொல்கிறோம்.

இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது? மார்க்குக் குறைவு என்பதால் மட்டும் வந்தது என்று நான் நம்பவில்லை. இதற்கு வயது ரொம்ப அதிகம்.

நம் நாட்டில் 'மருத்துவர்' என்பது ஒரு சாதியின் பெயர். முடி வெட்டியவர்கள், கட்டி கீறியவர்கள், புண்ணுக்கு மருந்து வைத்தவர்கள். அந்த வீட்டுப் பெண்கள்தான் மருத்துவச்சியாக ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். பழைய திருவிதாங்கூர்ப் பக்கத்தில் அவர்களுக்குப் 'பிராணோபகாரி' என்றே ஒரு பெயர் உண்டு. உயிருக்கு உதவுகிறவர் என்று அர்த்தம். எவ்வளவு அழகான பெயர்! தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்ற பெயர்களோடு இந்தப் பெயரும் இன்றுவரை இருக்கிறது. ஆனால் அந்தப் பிராணோபகாரியை எந்தத் திண்ணையில் உட்கார வைத்தோம்? பிள்ளையை வெளியே எடுத்துக் கொடுத்த கை தீட்டு, அந்தப் பிள்ளை மட்டும் நம்ம வீட்டு ராசா. இரத்தத்தையும் மலத்தையும் சளியையும் தொடுகிறவர் தாழ்ந்தவர், தொடாமல் சொல்கிறவர் உயர்ந்தவர் என்ற அந்தப் பழைய புத்திதான் இன்று ஆஸ்பத்திரி வார்டுக்குள் வேறு சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறது. 'டாக்டர்' என்ற இங்கிலீஷ் பெயர் வந்ததும் மேல்சாதிகளுக்கும் அந்தத் தொழில் இனித்துவிட்டது. தொட்டுச் செய்கிற வேலை மட்டும் நர்ஸிடமும் ஆயாம்மாவிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் தங்கிவிட்டது, பழைய இளக்காரத்தோடு சேர்த்து.

ஆகவே "மார்க்கு காணாதோ?" என்று மாமி கேட்கும்போது அது மார்க்கைப் பற்றிய கேள்வியே கிடையாது. "இந்தப் பிள்ளை போய் அடுத்தவன் மலம் அள்ளணுமா?" என்பதுதான் அதன் அர்த்தம். ஆமாம் மாமி, அள்ளணும். நாளைக்கு நீங்களோ நானோ பக்கவாதம் வந்து படுத்தால் யாராவது அள்ளித்தான் ஆகணும். நன்றாகத் தெரிந்தவர் அள்ளினால் படுக்கைப்புண் வராது. தெரியாதவர் அள்ளினால் பக்கவாதத்தில் பிழைத்தவர் புண்ணில் போவார்.

இனி இரண்டாவது பொய்.

இளக்காரம் பேசுகிறவர்களையாவது எதிர்த்துப் பேசலாம். 'நீங்களெல்லாம் தேவதைகள்' என்று கைகூப்புகிறவர்களை என்ன செய்வது? 2020 மார்ச் 22 சாயங்காலம் நாடே கைதட்டியது. மே 3ல் ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவின. பூவைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், தோவாளைச் சந்தையில் அதிகாலையில் என்ன விலை, மத்தியானம் என்ன விலை என்று சின்னப் பிள்ளையே சொல்லும். மத்தியானம் ஆனால் வாடிவிடும். கொரோனா நேரத்துத் தூவலும் அப்படியே வாடியது. தமிழ்நாட்டில் அந்த நெருக்கடியில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது என்று அரசு சொன்னது. அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகுதான் மாவட்ட அளவில் 18,000 ரூபாய்க்கு வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்று பேச்சு வந்தது.

இது அந்த ஒரு அரசின் கதை மட்டும் இல்லை. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்ஸ்களுக்கு என்ன சம்பளம் தெரியுமா? மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அப்போது வந்த அறிவுரை என்ன? 'நர்ஸ்கள் போராடலாமா? நோயாளிகள் என்ன ஆவார்கள்? இது சேவை அல்லவா?' அந்த வேலை நின்றால் நோயாளி செத்துப்போவார் என்று தெரிகிறது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் சொச்சம் போதும் என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தனியாரில் கேட்கவே வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2016ல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளாவில் நர்ஸ்கள் சங்கம் கட்டி, வருஷக்கணக்கில் போராடி, 2018ல் அந்த 20,000ஐ அரசாணையாக வாங்கினார்கள். அந்தக் கேரளா நமக்கு எவ்வளவு தூரம்? களியக்காவிளை தாண்டினால் கேரளா. இந்தப் பக்கம் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு 'இது ஒரு குடும்பம், இங்கே எல்லாரும் சேவை செய்கிறோம்' என்று சொல்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். குடும்பம் என்றால் லாபத்தையும் பங்கு வையுங்களேன்!

'சேவை' என்று பேசிப் பேசித்தான் நம் பிள்ளைகளை விமானம் ஏற்றுகிறார்கள். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித்திலிருந்து 46 நர்ஸ்கள் கொச்சியில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் மலையாளிகள், தூத்துக்குடிப் பெண்ணும் ஒருவர் உண்டு. ஐஎஸ் ஆட்கள் ஊரைப் பிடிக்கும் வரை அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? சம்பள பாக்கி. ஊரில் அடைக்க வேண்டிய படிப்புக் கடன். இங்கே கௌரவமான சம்பளம் கிடைத்திருந்தால் யார் யுத்தத்துக்கு நடுவே நின்று ஊசி போட்டிருப்பார்கள்? நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகள் வளைகுடாவிலிருந்து ஒரு அக்காவோ மைனியோ அனுப்பிய காசில் எழும்பியவை என்று தெருவில் நடந்து எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு 'நர்ஸா?' என்று முகம் சுளிப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

இப்போது இரண்டு பொய்யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளக்காரம் இருப்பதால் சம்பளம் குறைவு. சம்பளம் குறைவாக இருப்பதால் இளக்காரம் தொடர்கிறது. நடுவில் எழும் கோபத்தை அடக்க 'சேவை' என்ற மயக்க மருந்து. மூன்றும் சேர்ந்து, மருத்துவத் துறையில் டாக்டரைத் தவிர வேறெதையும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்துவிட்டன. அதனால்தான் ஒரு இடத்துக்கு இருபது பேர் முட்டிக்கொள்கிறோம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய உபதேசம் எனக்குத் தெரியாது. என்னோடு படிக்கிறவர்களுக்கும் அடுத்து வருகிறவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று: பட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள், ஒரு முழு நாள் எப்படிப் போகும் என்று கேளுங்கள். வேலையில் இருக்கிற ஒருவரைப் பிடித்து, ராத்திரி டூட்டி உட்பட மணிக்கணக்காகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கும்போதே சலிப்பு வந்தால் அது உங்களுக்கு இல்லை.

இரண்டு: உங்களுக்கு எது ஒத்துவரும்? மனிதர்களோடு நீண்ட பழக்கமா, சட்டென்று ஒரு நெருக்கடி முடிந்து அடுத்ததா? மிஷினா, மைக்ராஸ்கோப்பா? பேச்சா, அமைதியா? நர்ஸும் எக்ஸ்ரே டெக்னீஷியனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் வாழ்வது இரண்டு தனி உலகத்தில்.

மூன்று: அங்கீகாரம் பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரே மாடியில் 'ஒரே வருடத்தில் நர்ஸ்' என்று போர்டு மாட்டியிருப்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். நர்ஸிங் என்றால் நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, பட்டப்படிப்பு என்றால் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்று கேளுங்கள். மற்ற படிப்புகளுக்கும் 2021ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் வருகின்றன. பட்டியலை ஒரு தடவை பாருங்கள், பாதிப் பெயர் நம் வாத்தியார்களுக்கே தெரியாது.

நான்கு: சம்பளத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். முதல் நாளே கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். மனநிறைவு என்பது பசித்த வயிற்றோடு வருவதில்லை. வந்தாலும் ஆறு மாசத்துக்கு மேல் நிற்பதில்லை.

ஐந்து: டாக்டராகத்தான் வேண்டும் என்று வேலையைத் தெரிந்தே ஆசைப்படுகிறவர்கள் தயங்காமல் போங்கள். நாகர்கோவிலில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியவர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரத்தில் அறிவியல் பிரிவில் இடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்து, பிறகு லண்டன் வரை போய் மருத்துவம் படித்து வந்தவர். அந்த மாதிரி வெறி இருந்தால் உங்களை யாரும் நிறுத்த முடியாது, நானும் நிறுத்தவில்லை. ஆனால் டாக்டரான பிறகு, உங்கள் பக்கத்தில் நிற்கிற நர்ஸை "சிஸ்டர், இந்த பேஷன்டைப் பத்தி நீங்க என்ன நினைக்கீங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். ராத்திரி முழுக்க அங்கே இருந்தது அவர்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை ஒரு பிள்ளை லேப் டெக்னாலஜி என்றோ பிசியோ என்றோ சொன்னால் துக்கம் விசாரிக்காதீர்கள். "அதுல என்ன மக்கா வேலை?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், சரியான இடத்துக்குத்தான் போகிறது. டாக்டருக்கு என்று சொல்கிற பிள்ளையிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அதற்குப் பதில் தெரியவில்லை என்றால் அப்போது கவலைப்படுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள். ஆனால் 'சேவை' என்ற வார்த்தையைப் பயன்படுத்தாமல் திட்ட முடிகிறதா என்று முயற்சி செய்து பாருங்கள் :-)